கூடு கட்டித் தரலாமா?

சென்ற ஜனவரி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் கரையிலே ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவர் என் நண்பர் ஒருவர். கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களில் சிலர் கீதையைக் கையில் எடுக்கிறார்கள். சிலர் சீட்டுக் கட்டை எடுக்கிறார்கள். இவர் தூரதிருஷ்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அன்று முதல் அவருடைய சிநேகிதர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போயிற்று.

"அதோ பாரும்!" என்றார் நண்பர், என் தோளைப் பிடித்து உலுக்கி.

தண்ணீரின் நடுவில் நின்ற ஒரு பட்ட மரத்திலிருந்து பெரிய பறவை ஒன்று எழும்பிற்று. முதுகு கரும்பழுப்பு, வயிறு வெள்ளை, கண்ணை ஊடுருவிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும் ஒரு கறுப்புப் பட்டை. நீருக்கு மேலே நூறடி உயரத்தில் வந்ததும், இறக்கையை அடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு இறக்கைகளை ஒடுக்கிக்கொண்டு கல் விழுவதுபோல் விழுந்தது. கடைசிக் கணத்தில் கால்களை முன்னே நீட்டிற்று. தண்ணீர் சிதறிப் பறவையை மறைத்தது. அடுத்த நிமிஷம் அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மேலே கிளம்பியபோது இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. மீனின் தலை முன்னே பார்க்கும்படி அதைத் திருப்பிக்கொண்டு, காற்றைக் கிழித்துக்கொண்டு பறவை போய்விட்டது.

இதற்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் விரால் அடிப்பான். இங்கிலீஷ்காரர்கள் ஆஸ்ப்ரே என்பார்கள். பெயரிலேயே பறவையின் ஜாதகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மீனைத் தவிர வேறெதையும் அது பெரும்பாலும் தொடுவதில்லை. வழுக்கும் மீனைப் பற்றுவதற்காக அதன் உள்ளங்காலில் முள் முள்ளாக இருக்கும். வெளிவிரலை முன்னும் பின்னும் திருப்பிக்கொள்ளவும் அதனால் முடியும். இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே என்று அது பிடித்த பிடியிலிருந்து மீன் தப்புவது அரிது.

நான் மெய்ம்மறந்து பார்த்துக்கொண்டிருக்கையில் நண்பர் தம் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னே விரித்தார். முப்பதடி இரும்புக் கம்பம்; அதன் உச்சியில் நாலடிச் சதுரத்துக்கு ஒரு மேடை; மேடையைச் சுற்றிச் சிறு வேலி; மேடைமேல் சுள்ளிகள். எல்லாம் அளவோடு போடப்பட்டிருந்தன. காகிதத்தின் அடியில் செலவுக் கணக்கும், அதற்கும் அடியில் சந்தாதாரர்களின் பெயர்களும் இருந்தன. முதற் பெயர் அவருடையது. இரண்டாவது பெயர் என்னுடையது. அதற்கு எதிரே ஐயாயிரம் ரூபாய் என்று போட்டிருந்தது.

"இது என்ன ஸார்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"விரால் அடிப்பானுக்கு வீடு!" என்றார் அவர்.

நண்பருடைய பெண் ஸ்காட்லாந்தில் குடும்பம் நடத்துகிறாள். அந்த நாட்டில் விரால் அடிப்பான் கூடுகளுக்கு மேலே காமிரா வைத்து, பறவை முட்டையிடுவது முதல் குஞ்சு பறப்பது வரையில் உலகத்தார் யாவரும் வீட்டிலிருந்தே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். பெண் அதைத் தகப்பனாருக்குக் காட்டிக்கொடுத்தாள். அவ்வளவுதான். கோத்தகிரியில் மழை பெய்கிறதா, வெயில் அடிக்கிறதா என்பதை மறந்து, ஸ்காட்லாந்தில் குஞ்சுக்கு மீன் வந்ததா என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கதை கேட்கத் தகுந்த கதைதான். வேட்டையாடுவோர் ஒரு பக்கமும், முட்டை சேகரிக்கும் பித்துப் பிடித்தவர்கள் மற்றொரு பக்கமுமாகச் சேர்ந்துகொண்டு, 1916ஆம் ஆண்டு அளவில் ஸ்காட்லாந்தில் அந்தப் பறவையின் கூடே இல்லாமல் செய்துவிட்டார்கள். பிறகு 1954இல் லாக் கார்ட்டன் என்ற ஏரிக்கரையில் ஒரு ஜோடி வந்து குஞ்சு பொரித்தது. பறவை அபிமானிகள் கூடு இருக்கும் இடத்தைப் பரம ரகசியமாக வைத்து இரவும் பகலும் காவல் காத்தார்கள். அப்படியும் 1958இல் ஓர் இரவு ஒரு திருடன் மரத்தில் ஏறி முட்டைகளைக் கொண்டுபோனான். போனவன் சும்மா போகவில்லை. கோழி முட்டைக்குப் பூட்ஸ் பாலிஷ் தடவிக் கூட்டில் வைத்துவிட்டுப் போனான்! மறு வருஷம் பறவைச் சங்கத்தார் ஒரு துணிகரமான முடிவு செய்தார்கள். "ரகசியம் வேண்டாம்; கூட்டை எல்லாரும் தூரத்திலிருந்து பார்க்கட்டும்" என்று பொது ஜனங்களுக்கு இடம் திறந்துவிட்டார்கள். ஆயிரக் கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் திருடனுக்கு என்ன வேலை? அந்த வருஷம் குஞ்சுகள் பறந்தன. இன்று பிரிட்டனில் இருநூறு ஜோடிகளுக்கு மேல் இருக்கின்றன.

இந்தப் பெருக்கத்திற்கு மனிதன் கட்டித் தந்த கூடுகளும் ஒரு காரணம். விரால் அடிப்பானின் சுபாவம், குஞ்சாக வளர்ந்த இடத்துக்கே திரும்பி வந்து குடித்தனம் செய்வது. ஏற்கெனவே கூடுகள் தென்படும் பிரதேசம்தான் அதற்குப் பிடிக்கும். புது ஊருக்குப் போய்க் கடைகால் போட அது தயங்கும். ஆகையால், நாலு பக்கமும் பார்வை மறையாத உயர்ந்த மரத்தின் உச்சியைத் தேர்ந்தெடுத்து, சுள்ளிகளை அடுக்கி, பாசி பரப்பி, 'இங்கே முன்பே ஒரு குடும்பம் இருந்தது' என்று பறவை நம்பும்படி எச்சம்போல் வெள்ளைச் சாயத்தைக்கூடத் தெளித்து வைக்கிறார்கள். பறவையும் நம்பிவிடுகிறது. குடக்கூலி வீடு தேடுகிற நம்மவர்களுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

எங்கே வைப்பது என்பதில் அவர்களுக்குள் ஓயாத வாதம். தண்ணீருக்கு அருகில் இருக்க வேண்டும். ஆனால் படகுகள் போகும் வழியில் இருக்கக் கூடாது. ஜனங்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஆனால் பறவை மிரளும்படி இருக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள கூட்டுக்கு மிக நெருங்கியும் இருக்கலாகாது. மிக விலகியும் இருக்கலாகாது. என் நண்பர் அந்த வாதங்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, பவானிசாகர் கரையில் கம்பம் நடுவதற்கு இடம் பார்க்கவே என்னை அழைத்து வந்திருந்தார்.

"எல்லாம் சரி, ஸார். ஆனால் இந்தப் பறவை இங்கே முட்டையிடுமா?" என்று கேட்டேன்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. விரால் அடிப்பான் நம் தேசத்துக்குக் குளிர்கால விருந்தாளி. வடக்கே பனி மூடும்போது தெற்கே வரும். மார்ச்சு, ஏப்ரலில் பெரும்பாலானவை திரும்பிப் போய்விடும். தென்னாட்டு ஏரிகளில் அது மீன் பிடிக்கும், குடித்தனம் செய்வதில்லை. தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு மாமனார் ஊரில் வீடு கட்டிவைத்தால் அவர் அங்கேயே தங்கிவிடுவாரா?

"போகட்டும். விருந்தாளி வேண்டாம். ஊர்க்காரனுக்கே கட்டிக் கொடுப்போம். பாறுக் கழுகு இருக்கிறதே!" என்றார் நண்பர்.

அவர் கையை நீட்டின திசையில் நீர்த்தேக்கத்துக்குள் மோயாறு வந்து கலந்துகொண்டிருந்தது. நீலகிரியின் முக்குருத்திப் பக்கத்தில் பிறந்து, பைக்காரா என்ற பெயரோடு விழுந்து, பிறகு மோயாறு என்று பெயர் மாறி, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவில் ஆழமான பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு வருகிற ஆறு அது. தென்னிந்தியாவில் மிச்சமிருக்கும் பாறுக் கழுகுகளுக்கு அந்தப் பள்ளத்தாக்கே முக்கியமான புகலிடம். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள் முகப் பாறு என்ற நான்கு ஜாதிகளையும் அங்கே காணலாம்.

ஒரு மாதம் கழித்து, வனத்துறையின் அனுமதி பெற்று, இருவரும் புறப்பட்டோம். உதகையிலிருந்து கல்ஹட்டி மலைப்பாதையின் 36 கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போதே காற்று மாறிவிடுகிறது. மேலே தேயிலையும் குளிரும். கீழே முட்காடும் புழுதியும். மசினகுடியைத் தாண்டி, வாழைத்தோட்டத்தைக் கடந்து, சீரியூர்ப் பக்கம் போனோம். வழிகாட்டியாக வந்தவர் இருளர் வகுப்பைச் சேர்ந்த ஒரு வனக் காவலர். வயது ஐம்பது இருக்கலாம். பேச்சுச் சிக்கனம் உள்ளவர்.

ஓடைக் கரையில் நீர்மருது மரங்கள் வெள்ளைத் தூண்களைப்போல் நின்றன. காவலர் எங்களை மரத்தின் அருகே விடவில்லை. அரை மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஒரு புதரின் மறைவில் நிறுத்தி, "இதுக்கு மேல வேண்டாமுங்க. ஆள் கிட்டப் போனா, பறவை எழுந்துரும். குஞ்சு வெயில்ல கிடக்கும்" என்றார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மரத்தின் உச்சிக் கவட்டில் சுள்ளியால் ஆன பெரிய தட்டுப்போல் ஒரு கூடு. அதன் விளிம்பில் ஒரு கழுகு தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் நிழலில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. குஞ்சு! வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பறவை பார்ப்பதில் பத்தில் ஒன்பது பங்கு ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் வானத்தில் ஒரு புள்ளி தோன்றிற்று. வட்டமிட்டு வட்டமிட்டு இறங்கி, ஆறடிக்கு மேல் விரிந்த இறக்கைகளை மடக்கிக்கொண்டு கூட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. முதுகில் வெண்மை பளிச்சென்று தெரிந்தது. காவல் மாறிற்று. இருந்த கழுகு எழுந்து போயிற்று; வந்த கழுகு தன் தொண்டையிலிருந்து உணவைக் கக்கிக் குஞ்சுக்குக் கொடுத்தது. பிணம் தின்னும் பறவை என்று நாம் முகத்தைச் சுளிக்கும் அந்த ஜீவன் தன் குஞ்சின் வாயில் உணவு வைத்தபோது காட்டிய பக்குவத்தை, குழந்தைக்குச் சோறூட்டும் எந்தத் தாயும் ஒப்புக்கொள்வாள்.

வெண்முதுகுப் பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் முறை வைத்து ஏறக்குறைய ஐம்பது நாள் அடைகாக்கும். பொரித்த குஞ்சு பறப்பதற்கு மேலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு குஞ்சு தவறினால் ஒரு வருஷம் போயிற்று.

நண்பர் காகிதத்தை எடுத்தார். "வெள்ளம் வந்தால் கரையோர மரம் சாயும். மரம் சாய்ந்தால் கூடு போகும். ஆகையால் இங்கே நாலு, அங்கே நாலு என்று எட்டு இரும்பு மேடை நட்டுவிட்டால் என்ன?" என்று காவலரிடம் கேட்டார்.

காவலர் காகிதத்தை வெகு மரியாதையாகப் பார்த்தார். பிறகு ஓடைக்கரையைக் காட்டினார். "அந்த மரத்துல நான் சின்னப் பையனா இருக்கையில கூடு இருந்துச்சுங்க. அதுக்குப் பக்கத்து மரத்துலயும் இருந்துச்சு. இப்ப மரம் அப்படியேதான் நிக்குது. மரம் காலியா இருக்குதுங்க, ஐயா. உக்காரத்தான் பறவை இல்லை" என்றார்.

நண்பர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பதில் சொல்ல எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

வாசகர்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் நம் ஊர்ப் புறங்களில் மாடு செத்தால், அரை நாளில் எலும்புதான் மிஞ்சும். கழுகுக் கூட்டம் எங்கிருந்தோ வந்து இறங்கி, ஊரைச் சுத்தம் செய்துவிட்டுப் போய்விடும். திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் மலைமேல் இறங்கிப் பண்டாரத்தின் கையால் பொங்கல் உண்டதைப் பார்க்க எத்தனை தலைமுறை ஜனங்கள் படியேறியிருக்கிறார்கள்! 1990களில் அந்த வருகை நின்றுபோயிற்று. சீதையைக் காக்கப் போரிட்டு இறக்கை இழந்த ஜடாயுவுக்குக் கோயில் வைத்துக் கும்பிடுகிற தேசம் இது. அந்தத் தேசத்தில், ஜடாயுவின் வமிசம் ஏறக்குறைய அழிந்தபோது அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே.

1980களில் உலகத்திலுள்ள பெரிய இரைகொல்லிப் பறவைகளுள் வெண்முதுகுப் பாறுதான் எண்ணிக்கையில் மிகுதியானது என்று கருதப்பட்டது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் அந்த ஜாதி ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. ராஜஸ்தானத்தில் பரத்பூர்ச் சரணாலயத்தில் கழுகுகள் மரக்கிளையில் உட்கார்ந்தபடியே தலை தொங்கி, சில நாட்களில் விழுந்து செத்ததைப் பார்த்தவர்களுக்கு முதலில் காரணம் புரியவில்லை. தொற்று நோயோ என்று நினைத்தார்கள். 2004இல் தான் உண்மை வெளியாயிற்று. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடுகிற டைக்ளோஃபினாக் என்ற ஊசி மருந்தே கழுகுக்கு எமன். ஊசி போட்ட மாடு இரண்டொரு நாளில் இறந்துபோனால், மருந்து அதன் இறைச்சியில் தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் வேலை நிறுத்தம் செய்துவிடும். உப்பு, சுண்ணாம்புப் பூச்சுப்போல் ஈரலிலும் இருதயத்திலும் படியும். பறவை செத்துப் போகும்.

மாடுகள் எல்லாவற்றுக்குமா ஊசி போடுகிறார்கள் என்று கேட்கலாம். அங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. ஒரு பிணத்தின்மேல் பத்துக் கழுகும் இறங்கும், ஐம்பது கழுகும் இறங்கும். நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே கழுகு இனம் அழிவதற்குப் போதும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முட்டை இடுகிற பறவை அந்த நஷ்டத்தை எப்படி ஈடுசெய்யும்?

நஷ்டம் கழுகோடு நிற்கவில்லை. கழுகு விட்டுப்போன பிணங்களுக்கு நாய்கள் வந்தன. தண்ணீரும் கெட்டது. கழுகுகள் அழிந்த ஜில்லாக்களில் 2000 முதல் 2005 வரையில் சுமார் ஐந்து லட்சம் மனிதர்கள் அதிகப்படியாக இறந்திருக்கலாம் என்று 2024இல் வெளிவந்த ஒரு பொருளாதார ஆராய்ச்சி மதிப்பிடுகிறது.

2006இல் மத்திய அரசாங்கம் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. உடனே மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்கொட்டிலுக்குப் போயின. 2015இல் அந்தப் பெரிய குப்பிகளும் தடுக்கப்பட்டன. அதே குணமுள்ள கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற மருந்துகளைக் கால்நடைக்குத் தருவது 2023இல் தடை செய்யப்பட்டது. மெலோக்ஸிகாம் என்ற மருந்து மாட்டின் வலியையும் போக்கும், கழுகையும் கொல்லாது. ஆகவே, மாடா, கழுகா என்று தராசில் நிறுத்த வேண்டிய நிலைமையே இல்லை. இரண்டும் பிழைக்க வழி இருக்கிறது.

மோயாற்றில் மாத்திரம் கழுகுகள் ஏன் எஞ்சின? அங்கே புலியும் சிறுத்தையும் செந்நாயும் அடித்துப்போடும் மானும் காட்டு மாடும் கழுகுக்குச் சுத்தமான சாப்பாடு. ஊசி போடாத இறைச்சி! 2023ஆம் வருஷத் தொடக்கத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணியபோது 246 கழுகுகள் தென்பட்டன. அவ்வருஷ முடிவில் எண்ணியபோது 320. எண்ணிய இடங்களும் நாட்களும் மாறினால் எண்ணிக்கையும் மாறும். ஆகையால் பெருகிவிட்டன என்று கொட்டு முழக்க வேண்டாம். மூன்று மாகாணங்களின் கழுகுக் குடும்பம் முழுவதையும் ஒரு பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் எழுதிவிடலாம் என்பதைத்தான் அந்த எண்கள் நமக்குச் சொல்லுகின்றன.

இப்போது நண்பரின் இரும்புக் கம்பத்துக்குத் திரும்புவோம். அவருடைய யோசனை பைத்தியக்கார யோசனை அன்று. அமெரிக்காவில் நியூயார்க் முதல் பாஸ்டன் வரையுள்ள கடற்கரையில் விரால் அடிப்பான்களில் பத்தில் ஒன்பது பங்கு 1950க்குப் பிறகு மறைந்தன. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து மீனுக்குள் போய், மீனிலிருந்து பறவைக்குள் போய், முட்டையின் ஓட்டை மெலிதாக்கிவிட்டது. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை நொறுங்கும். 1972இல் அந்த மருந்தைத் தடுத்தார்கள். கூடுகட்ட மரமில்லாத கரைகளில் கம்பமும் மேடையும் நட்டார்கள். பறவை திரும்பி வந்தது. கம்பத்தைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் பலர்; தடை உத்தரவைப் படம் பிடிக்க முடியாதாகையால் அது மறந்துபோகிறது. விஷம் இருந்தவரையில் எத்தனை கம்பம் நட்டாலும், நொறுங்கின முட்டைக்குத்தான் அவை மேடையாக இருந்திருக்கும்.

அதே அமெரிக்காவில் செஸபீக் விரிகுடாவில் இன்று நடப்பது மற்றொரு பாடம். மேடைகளுக்கும் கம்பங்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆயினும் சில பகுதிகளில் சமீப வருஷங்களில் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் சாகின்றன. மென்ஹேடன் என்னும் மீன் பறவைக்குப் போதிய அளவு கிடைக்காததே காரணம் என்று பறவை ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். அந்த மீனைப் பிடிக்கும் தொழில்காரர்கள் அதை மறுக்கிறார்கள். வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்று நிச்சயம். வீடு இருக்கிறது, அடுப்பில் பூனை தூங்குகிறது.

கட்டித் தந்த கூடே பிராணனைக் காக்கும் இடமும் உண்டு. இருவாட்சி தானாக மரத்தைக் குடைய மாட்டாது. கிழமரத்துப் பொந்துதான் அதற்குப் பிரசவ அறை. கிழமரங்களை வெட்டிவிட்ட காட்டில் அதற்குத் தீனி இருந்தும் வம்சம் இல்லை. தாய்லாந்தின் தெற்கே பூடோ மலைகளில் மரத்தின்மேல் பெட்டிகளைக் கட்டி வைத்தார்கள்; இருவாட்சி அதை ஏற்றுக்கொண்டு குஞ்சு பொரித்தது. அங்கே குறை பொந்து, பொந்து கொடுத்தார்கள். பல்கேரியாவில் அற்றுப்போன ஒரு ஜாதிக் கழுகை மீண்டும் குடியேற்றியபோது, புது ஊரில் அதற்குத் தைரியம் வருவதற்காக மேடைகள் அமைத்தார்கள். நாளைக்கு மோயாற்றிலும் நீர்மருது மரங்கள் சாய்ந்துபோய்க் கழுகு இடம் தேடி அலைந்தால், நண்பரின் காகிதத்தை நானே எடுத்துக்கொண்டு போய் வனத்துறையாரிடம் கொடுப்பேன்.

ஆகவே, கம்பத்தை எங்கே நடுவது என்று கேட்பதற்கு முன்னால், பறவைக்கு எது குறைகிறது என்று கேட்க வேண்டும். பசித்து வந்தவனுக்குப் பாய் விரித்துப் போட்டு, "சௌகரியமாகப் படுத்துக்கொள்" என்று சொல்லுவது உபசாரம் ஆகாது.

இவ்வளவையும் திரும்பி வரும் வழியில் நண்பரிடம் ஒரு பிரசங்கமாகவே செய்துவிட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கோத்தகிரியில் அவர் வீட்டை அடைந்து காப்பி குடிக்கும்போது, திடீரென்று எழுந்து கொட்டில் பக்கம் போனார். அங்கே ஒரு பழைய மருந்துப் பெட்டி உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் கவிழ்த்தார். கட்டுத்துணி, களிம்பு, கொம்புக்குப் பூசும் எண்ணெய். அவற்றோடு பாதி தீர்ந்த ஊசி மருந்துக் குப்பி ஒன்றும் உருண்டு வந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் படித்தார்.

கீட்டோபுரோஃபென்.

"இது எப்போது வாங்கினது?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

அவருடைய மனைவிதான் பதில் சொன்னார். "நம் லட்சுமி கால் வீங்கிப் படுத்துக்கொண்டாளே, அப்போது நீங்கள்தானே வாங்கி வந்தீர்கள்? தடை கிடையென்று அப்போது யாரும் சொல்லவில்லையே! ஊசி போட்டு மறுநாள் காலையில் போய்விட்டாள். பாவம், எட்டு ஈற்றுக் கண்டவள்."

"போனவளை என்ன செய்தோம்?"

"என்ன செய்வது? மழைக்காலம், குழி தோண்ட ஆள் கிடைக்கவில்லை. வடக்குச் சரிவில் காட்டோரமாக இழுத்துக்கொண்டு போய்ப் போட்டு வந்தார்கள்."

வடக்குச் சரிவின் அடியில்தான் மோயாறு ஓடுகிறது. இரை தேடி ஒரே நாளில் பல பத்து மைல் சுற்றுகிற பறவைக்கு அந்தச் சரிவு அடுத்த தெரு மாதிரி. லட்சுமியின்மேல் கழுகு இறங்கிற்றா, இல்லையா? பார்த்தவர் எவரும் இல்லை. நண்பர் வெகு நேரம் அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுகுக்கு எட்டு வீடு கட்டித் தருவதாகப் புறப்பட்ட மனிதர் அவர். அவருக்கு அந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லியிருந்தாலும் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும். ஏனெனில் அப்படி ஒரு குப்பி இல்லாத மாட்டுக் கொட்டில் நம் நாட்டில் எத்தனை இருந்தது?

மறுவாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. குப்பியைக் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டாராம். சந்தாப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லையாம். அதில், சுற்று வட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்களின் பட்டியல் ஒன்று எடுத்திருக்கிறாராம். வீடு வீடாகப் போய், மருந்துப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பழைய குப்பி இருந்தால் வாங்கிக்கொண்டு, மெலோக்ஸிகாமின் பெயரைத் தமிழில் அச்சிட்ட சீட்டு ஒன்றைக் கொட்டில் சுவரில் ஒட்டிவிட்டு வருகிறாராம். ஊசி போட்டபின் இறந்த மாட்டை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள் என்றும், சிறுத்தை அடித்த மாட்டின்மேல் கோபத்தில் விஷம் தடவாதீர்கள், அதைத் தின்னச் சிறுத்தைக்கு முன்னால் கழுகு வந்துவிடும் என்றும் சொல்லுகிறாராம். பாதி வீடுகளில் காப்பி கிடைக்கிறது, பாதி வீடுகளில், "உங்களுக்கு வேறு வேலை இல்லையா, ஐயா?" என்ற கேள்வி கிடைக்கிறது.

மார்ச்சு மாதக் கடைசியில் வனக் காவலரிடமிருந்தும் தகவல் வந்தது. நாங்கள் பார்த்த குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்றுகொண்டு இறக்கையை அடித்துப் பழகுகிறதாம். இன்னும் பறக்கவில்லை.

அது பறந்து போய் இறங்கப் போகிற முதல் இரை எது என்பது அந்தக் குஞ்சின் கையில் இல்லை. நம் வீட்டுக் கொட்டில்களில் இருக்கிறது. வாசகர்களில் மாடு வைத்திருப்பவர்கள், இதைப் படித்து முடித்ததும் ஒரு தடவை எழுந்து போய், மருந்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்களா?